காஷியும் பித்ரியும்: பீதர் நகரின் கைவண்ணம்

பள்ளிப் பாடநூல்களில் 'பாமினி' என்று எழுதப்பெறும் பஹ்மனீ அரசைப் பற்றி நம் பிள்ளைகள் படித்துத் தேர்வும் எழுதிவிடுகின்றனர். 1347ஆம் ஆண்டு அலாவுத்தீன் ஹஸன் என்பார் தக்காணத்தில் நிறுவிய அரசு அது; முதல் தலைநகர் குல்பர்கா, பின்னர் பீதர்; இறுதியில் ஐந்து அரசுகளாக உடைந்தது. இவ்வளவே அவர்கள் அறிவது. எந்தப் போரில் எந்தச் சுல்தான் வென்றார் என்பதற்கு இடம் உண்டு. அந்நகர மக்கள் தம் கைகளால் என்ன செய்தனர் என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

அரபு இலக்கணம் ஓதியோர் 'யாஉன் நிஸ்பா'வை அறிவர். ஊர்ப்பெயரின் ஈற்றில் ஒரு 'யா' சேர்ந்தால் அவ்வூருக்கு உரியது என்று பொருள்படும். புகாராவுக்குரியவர் புகாரீ, திர்மிதுக்குரியவர் திர்மிதீ. இது மனிதருக்கு மட்டும் உரிய சிறப்பன்று, பொருளுக்கும் வரும். பீதர் நகரில் இரண்டு கலைகள் ஓங்கி நின்றன. ஒன்று, சுவர்களுக்கு அழகு செய்த வண்ண ஓட்டு வேலை. அதன் பெயர் காஷி. ஈரானிலுள்ள காஷான் நகரத்தின் பெயரிலிருந்து வந்தது. மற்றொன்று, கரிய உலோகத்தில் வெள்ளியைப் பதிக்கும் வேலை. அதன் பெயர் பித்ரி. பீதரின் பெயரே அதற்கு நிஸ்பாவாக அமைந்தது. முன்னதைச் செய்வார் இன்று பீதரில் இல்லை. பின்னதைச் செய்யும் உளியோசை இன்னும் அந்நகரத் தெருக்களில் கேட்கிறது. ஒன்று மறைந்து மற்றொன்று நிலைத்ததன் காரணத்தைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐதராபாத்திலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், செம்பாறை மேட்டுநிலம் ஒன்றின் விளிம்பில் பீதர் அமைந்துள்ளது. நிஜாமின் ஆட்சிக்குட்பட்டிருந்த அது, 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பில் இன்றைய கர்நாடகத்தோடு சேர்ந்தது. 1422இல் அரியணை ஏறிய அஹ்மது ஷா, ஹஜ்ரத் பந்தே நவாஸ் (ரஹ்) அடங்கியுள்ள குல்பர்காவை விட்டு இம்மேட்டுநிலத்திற்குத் தலைநகரை மாற்றினார். ஸூஃபிப் பெரியார்களிடம் ஆழ்ந்த பற்றுடைய மன்னர் அவர். கிர்மானைச் சேர்ந்த ஷா நிஃமத்துல்லாஹ் வலீ (ரஹ்) அவர்களைத் தக்காணத்திற்கு அழைத்தார். முதுமை எய்திய அப்பெரியார் தாம் வாராமல் தம் பேரரை அனுப்பினார். 1431இல் பெரியார் மறைந்தபின் அவருடைய மகனார் ஷா கலீலுல்லாஹ் அவர்களே பீதருக்கு வந்து சேர்ந்தார். அவர்களைத் தொடர்ந்து எழுத்துக்கலைஞர், ஓவியர், கட்டடக்கலைஞர், வணிகர் எனப் பலர் பாரசீகக் கடலைத் தாண்டி வந்தனர். அவர்களை 'ஆஃபாக்கிகள்' என்பர். 'ஆஃபாக்' என்றால் அடிவானங்கள். அடிவானத்துக்கு அப்பாலிருந்து வந்தோர் என்று பொருள். முன்பே குடியேறி மண்ணின் மைந்தராகிவிட்ட முஸ்லிம்கள் 'தக்கனிகள்' எனப்பட்டனர். இவ்விரு சாராரின் பகைமை அந்த அரசையே பின்னர் அரித்தது.

வந்தவர்களின் கைத்திறனைக் காண விரும்புவோர் நகருக்குக் கிழக்கே அஷ்தூர் என்னும் சிற்றூருக்குச் செல்ல வேண்டும். அங்கே அஹ்மது ஷாவின் அடக்கத்தலம் உள்ளது. வெளியே எளிய சுண்ணச் சுவர். உள்ளே நுழைந்து கண் இருளுக்குப் பழகியதும் குவிமாடம் முழுவதும் செந்நிறத்திலும் நீலத்திலும் கொடிகளும் மலர்களும், பொன்னெழுத்துகளும் தோன்றும். ஷுக்ருல்லாஹ் கஸ்வீனீ என்று கலைஞர் தம் பெயரையும் எழுதி வைத்துள்ளார். அருகே சௌகண்டி எனப்படும் ஷா கலீலுல்லாஹ்வின் எண்கோண அடக்கத்தலத்தின் வாயிலில், கருங்கல்லில் கொடியோடிய எழுத்துகளைச் செதுக்கியவர் ஷீராஸைச் சேர்ந்த முகீது. கஸ்வீன், ஷீராஸ் ஆகிய இரண்டும் ஈரானிய ஊர்கள். இதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

இடையே ஒன்று சொல்ல வேண்டும். அஹ்மது ஷாவின் நினைவு விழாவில் லிங்காயத்து ஜங்கமர் ஒருவர் ஊர்வலமாக வந்து முதன்மைச் சிறப்புப் பெறுகிறார். அம்மக்கள் அம்மன்னரை அல்லமப் பிரபுவின் வடிவமாகக் கருதுகின்றனர். பித்ரித் தொழிலிலும் முஸ்லிம்களும் லிங்காயத்துகளும் ஒருவரோடொருவராக இருந்து வந்துள்ளனர். ஊர்வலத்தில் சேர்ந்து நடப்பது ஆண்டுக்கு ஒரு முறை. பட்டறையில் சேர்ந்து இருப்பது நாள்தோறும்.

இனி, காஷி வேலையின் சிகரமான மதரஸாவுக்கு வருவோம். மஹ்மூது காவான், காஸ்பியன் கடலோரக் கீலான் நாட்டிலிருந்து 1453ஆம் ஆண்டளவில் வணிகராகப் பீதருக்கு வந்தவர். நாற்பது வயதைக் கடந்திருந்த அவரை அரசு விடவில்லை. மூன்று சுல்தான்களின் கீழ்ப் பணிபுரிந்து தலைமை அமைச்சரானார். மௌலானா ஜாமீ (ரஹ்) அவர்களோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். கடித இலக்கியத்தில் நூல்கள் இயற்றியவர். அவர் தம் செலவில் எழுப்பிய கல்விக்கூடம் ஏறத்தாழ 205 அடி நீளமும் 180 அடி அகலமும் உடையது. மூன்று மாடி. நடுவே திறந்த முற்றம், நாற்புறமும் உயர்ந்த வளைவு மண்டபங்கள், ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் அறைகள், பள்ளிவாசல், 3000 ஏட்டுப்பிரதிகள் கொண்ட நூலகம். முகப்பில் இரு மருங்கும் மினாராக்கள். எஞ்சியுள்ள ஒன்றின் உயரம் 131 அடி என்பர். ஸமர்கந்தில் மீர்ஸா உலுக் பேகு கட்டிய மதரஸாவின் உடன்பிறப்பு போல் அது தோன்றும்.

கட்டி முடித்த ஆண்டைக் குறிக்க ஒரு கவிஞர் கையாண்ட உத்தி ஓதிய உள்ளங்களுக்கு இன்பம் தருவது. கஃபாவின் சுவர்களை எழுப்பும்போது இப்ராஹீம் (அலை), இஸ்மாயீல் (அலை) ஆகிய இருவரும் தம் பணியை ஏற்றுக்கொள்ளுமாறு இறைஞ்சிய சொற்கள் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 127ஆம் வசனத்தில் உள்ளன. அவற்றின் முதல் மூன்று சொற்களை அப்ஜது கணக்கில் இட்டால் 253, 532, 91 என வரும். கூட்டினால் 876. ஹிஜ்ரி 876 என்பது கி.பி. 1471–72. கட்டடம் முடிந்த ஆண்டும் அதுவே. நானே எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பார்த்தேன். ஒன்று கூடவோ குறையவோ இல்லை. மாணவர்களுக்கு அப்ஜது கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனைப் பயிற்சியாகக் கொடுக்கலாம்.

அக்கட்டடத்தின் முகப்பு முழுவதும் காஷி ஓடு போர்த்தியிருந்தது. நீலம், வெள்ளை, மஞ்சள், பச்சை நிறங்களில் இலைகளும் கொடிகளும் திருவசன எழுத்துகளும் மின்னின. மினாராவின் உடலைச் சுற்றி வளைந்து வளைந்து ஏறும் கோடுகள் ஓட்டினாலேயே அமைந்தவை. மழை கழுவக் கழுவ ஒளிரும் சுவர் அது. செம்பாறை நகரின் நடுவே, கீழ்த்திசை வெயில் பட்டு நிற்கும் அம்முகப்பைக் கண்ட ஒரு மாணவன், தான் ஓத வந்த கல்வியின் மதிப்பைப் பாடம் தொடங்குமுன்னரே உணர்ந்திருப்பான்.

கட்டி முடித்த பத்தாண்டுக்குள் காவான் கொல்லப்பட்டார். பகைவர்கள் அவருடைய முத்திரையைக் காத்துவந்த பணியாளை மதுவால் மயக்கி, வெற்றுத்தாளில் முத்திரையைப் பெற்றனர். ஒரிஸா மன்னருக்கு அவர் எழுதியது போலத் துரோகக் கடிதம் ஒன்றைப் புனைந்தனர். சுல்தான் மூன்றாம் முஹம்மது ஷா விசாரியாமலே தலையை வெட்ட ஆணையிட்டார். அது 1481ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். கடித இலக்கியத்தின் ஆசானைப் பொய்க்கடிதம் ஒன்று வீழ்த்தியது. உண்மையை அறிந்து வருந்திய சுல்தானும் ஓராண்டுக்குள் மாண்டார்.

அதன்பின் அரசு சிதறியது. பீதரில் பரீது ஷாஹிகள் ஆண்டனர். அவர்களுள் அலீ பரீது கலைநயம் உள்ளவர். கோட்டைக்குள் ரங்கீன் மஹலில் மரத்தூண்களில் நுண்ணிய செதுக்கு வேலையும், பளபளக்கும் கருங்கல்லில் முத்துச்சிப்பி பதித்த வேலையும் அவர் காலத்தன. சிறிதளவு காஷியும் அங்கு உண்டு. 1577ஆம் ஆண்டளவில் எழுந்த அவருடைய அடக்கத்தலத்திலும் உண்டு. அத்தோடு பீதரின் காஷி வரலாறு ஏறத்தாழ முடிகிறது. முகலாயர் காலத்தில் மதரஸாவின் ஒரு பகுதியில் வெடிமருந்தைச் சேர்த்து வைத்திருந்தனர். 1696ஆம் ஆண்டளவில் அது வெடித்து முகப்பின் பாதியும் ஒரு மினாராவும் இடிந்தன. எழுந்த ஓடுகளைச் செய்து மீண்டும் பொருத்த அந்நகரில் ஒருவரும் இல்லை. கேட்டினும் பெரிது இதுவே என்பேன். வெடித்ததைக் கட்டிக்கொள்ளலாம், கட்டும் கை இருந்திருந்தால்.

ஏன் இல்லாமற் போயிற்று? காஷி வேலை காஷானில் குடும்பச் சொத்தாக இருந்தது. அபூ தாஹிர் என்பாரின் வழிவந்த குயவர்கள் தலைமுறை தலைமுறையாக அதனைச் செய்தனர். தாம் செய்த மிஹ்ராபுகளில் பெயரும் பொறித்தனர். அக்குடும்பத்தில் பிறந்த அபுல் காஸிம் 1301இல் ஓட்டு வேலையின் முறைகளை நூலாகவே எழுதினார். நீல நிறத்திற்கு வேண்டிய தாது காஷானுக்கு அருகே கம்ஸர் என்னும் ஊரில் கிடைத்தது. மண்ணும், தாதுவும், சூளையின் பக்குவமும் அவ்வூரோடு பிணைந்தவை. அக்கலையை ஏந்தி வந்தோர்க்குப் பீதரில் வேலை கொடுத்தவர் அரசரும் அமைச்சரும் மட்டுமே. அடுத்த வீட்டுக்காரர் தம் சுவருக்கு ஓடு வாங்கப் போவதில்லை. அரண்மனை வறண்டதும் சூளையும் அணைந்தது. பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போயினர். பீதரின் குயவர் அதனைக் கற்கவும் இல்லை.

பித்ரியின் கதை இதற்கு மாறானது. இதனையும் அஹ்மது ஷாவே ஈரானிலிருந்து அப்துல்லாஹ் பின் கைஸர் என்னும் கைவினைஞரை வரவழைத்துத் தொடங்கினார் என்று ஒரு வழக்கு பீதரில் நெடுங்காலமாக உண்டு. நம்மவருள் சிலர் எச்சிறப்பையும் ஈரானிலிருந்தோ அரபகத்திலிருந்தோ வந்ததாகச் சொல்வதில் ஒரு பெருமை காண்கின்றனர். இவ்வழக்கை அப்படியே ஏற்பது அரிது. உலோகத்தில் வெள்ளி பதிக்கும் கலை ஹெராத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே, மோஸுலில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே உச்சத்தில் இருந்தது உண்மை. ஆனால் அவர்கள் பதித்தது பித்தளையிலும் வெண்கலத்திலும். பித்ரியின் அடிப்படை உலோகம் துத்தநாகம். அதனைத் தனி உலோகமாக வடித்தெடுக்கும் கடினமான தொழில் இந்தியாவில், இராஜஸ்தானத்து ஸாவர் சுரங்கங்களில், பழங்காலந்தொட்டே பெருமளவில் நடந்தது. வெள்ளி பதிக்கும் எண்ணம் வெளியிலிருந்து வந்திருக்கலாம். பதிப்பதற்கான உலோகமும், அதற்குக் கருமை தரும் மண்ணும் இந்நாட்டவை. இன்று நமக்குக் கிடைக்கும் பழம் பித்ரிப் பொருள்களும் பஹ்மனீ காலத்தன அல்ல. பெரும்பாலும் பதினேழாம் நூற்றாண்டும் அதற்குப் பிற்பட்டனவும் ஆகும்.

துத்தநாகம் என்னும் சொல்லும் ஒரு பயணி. போர்ச்சுகீசியர் அதனைத் 'துத்தனாகா' என்று தம் மொழியில் எடுத்துக்கொண்டனர். ஆங்கில வணிகரும் அவ்வழியே வழங்கினர். அரபு மருத்துவ நூல்களில் கண்மருந்தாக வரும் 'தூத்தியா' இதற்கு உறவான சொல். நம் நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் கேட்கும் மூதாட்டிக்கு இவ்வளவு உறவினர் உண்டு.

வேலை நடக்கும் முறையைச் சற்று விரித்துச் சொல்கிறேன். துத்தநாகம் பதினாறு பங்கும் செம்பு ஒரு பங்குமாக உருக்குவது பொதுவான அளவு. மண்ணோடு ஆமணக்கெண்ணெயும் குங்கிலியமும் பிசைந்து செய்த அச்சில் அதனை வார்ப்பர். ஆறியதும் அச்சை உடைத்து, அரத்தால் தேய்த்து வழுவழுப்பாக்குவர். அப்போது அதன் நிறம் ஈயத்தைப் போல் மங்கலானது. மயில்துத்தம் கரைத்த நீரைத் தடவ, மேற்பரப்பு சிறிது நேரத்திற்குக் கறுக்கும். அக்கருமையின்மேல் கூரிய எஃகு முனையால் கொடியும் மலரும் வரைவர். கீழே மாதிரித்தாள் இல்லை; அளவுகோல் இல்லை; கை அறிந்த வழியே முனை ஓடும். பின் சிற்றுளிகளால் கோடுகளைக் குழிவாகச் செதுக்குவர். குழியின் உட்புறம் சற்று அகன்றிருக்க வேண்டும்; அப்போதுதான் உள்ளே தட்டி இறக்கிய வெள்ளி வெளியே வாராது. வெள்ளிக் கம்பியைப் பதித்தால் 'தார்கஷீ'. வெள்ளித் தகட்டை வெட்டிப் பதித்தால் 'தஹ்நிஷான்'. நிலம் முழுவதும் வெள்ளியாகி மலர் மட்டும் கறுப்பாக நின்றால் அது 'மஹ்தாபீ'. மஹ்தாப் என்றால் நிலவொளி. பெயர் வைத்தவர் யாரோ, பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.

இத்தனையும் முடிந்த நிலையில் அப்பொருளைப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். மயில்துத்தக் கருமை தேய்ந்துபோய், மங்கிய உலோகமும் வெள்ளியும் வேறுபாடின்றித் தோன்றும். கடைசி வேலையை மண் செய்கிறது. பீதர்க் கோட்டையின் பழங்கட்டடங்களுக்குள், பல நூற்றாண்டுகளாக வெயிலும் மழையும் படாத மூலைகளிலிருந்து எடுத்த மண் அது. வெடியுப்புக் கலந்த மண் என்பது ஆய்ந்தோர் முடிவு. அதனோடு நவச்சாரமும் நீரும் சேர்த்துக் கொதிக்க வைத்து, சூடேற்றிய பொருளின்மேல் தடவுவர். துத்தநாகம் உடனே கன்னங்கரேலெனக் கறுக்கும், வெள்ளி கறுக்காது. மேற்பரப்பிலுள்ள துத்தநாகத்தை மண் அரித்துவிட, அங்கே செம்பு மிகுந்த மெல்லிய கரும்படலம் உண்டாகிறது என்று அறிவியலார் விளக்குகின்றனர். செம்பு சேராத வெறும் துத்தநாகம் இவ்வாறு கறுப்பதில்லை. பதினாறில் ஒரு பங்கு எதற்கென்று இப்போது விளங்கும். பிறகு எண்ணெய் தடவித் துடைத்தால், அமாவாசை வானத்தில் விண்மீன் பூத்தது போல் வெள்ளி வெளிப்படும்.

மார்க்கச் சட்டத்தின் தொடர்பும் இதற்கு உண்டு. பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதும் பருகுவதும் நபிமொழியால் தடுக்கப்பட்டவை. வெள்ளி பதித்த பாத்திரத்தின் நிலை என்ன? வாய் படும் இடத்தில் வெள்ளி இல்லாமல் பார்த்துக்கொண்டால் பருகலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களின் மாணவர் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அதனை வெறுத்தார்கள். அலங்காரத்திற்கெனப் பெரிதாக வெள்ளி சேர்ப்பதை ஷாஃபியீ மத்ஹபு அனுமதிப்பதில்லை. தக்காணத்தார் பெரும்பாலும் ஹனஃபீகள். பித்ரி வேலையும் உண்கலத்தைவிடக் கைகழுவும் செம்பு, தட்டு, வெற்றிலைப் பெட்டி, எச்சிற்படிக்கம், கட்டிலின் கால் ஆகியவற்றிலேயே மிகுதி.

அதற்குப் பெரும் சந்தையைத் திறந்துவிட்டது புகையிலை. 1604ஆம் ஆண்டளவில் அஸது பேகு என்பார் பீஜப்பூரிலிருந்து புகையிலையை அக்பரின் அவைக்குக் கொண்டு சென்றார். ஒரு தலைமுறைக்குள் ஹூக்கா எங்கும் பரவியது. புகைப்பது ஹராமா, மக்ரூஹா என்று ஆலிம்கள் விவாதித்துக்கொண்டிருக்க, பீதர்க் கொல்லர்கள் ஹூக்காவின் நீர்க்குடத்தை வார்த்துக்கொண்டிருந்தனர். உருண்டை வடிவிலும், பின்னர் மணி வடிவிலும் அமைந்த அக்குடங்களே இன்று உலக அருங்காட்சியகங்களில் காணும் பித்ரிப் பொருள்களில் மிகுதியானவை. ஐதராபாத் ஸாலார் ஜங் அருங்காட்சியகத்திலும் காணலாம். அரசர் போனாலும் புகைப்போர் இருந்தனர். வெற்றிலை போடுவோர் இருந்தனர். மகளுக்குச் சீர் கொடுப்போர் இருந்தனர். காஷிக்கு வாய்க்காத வாடிக்கையாளர் பித்ரிக்கு வாய்த்தனர். லக்னோவிலும் வங்காளத்து முர்ஷிதாபாதிலும் பீஹாரின் பூர்ணியாவிலும் அவ்வேலை நடந்தபோதும், அதன் பெயர் பித்ரி என்றே இருந்தது.

செய்முறையை ஆங்கிலத்தில் விரிவாக எழுதி வைத்த முற்பட்ட ஐரோப்பியருள் ஒருவர் பெஞ்சமின் ஹைனே. ஜெர்மானியரான அவர் சமயப்பணிக்கெனத் தரங்கம்பாடிக்கு வந்து, பின் சென்னையில் கம்பெனி அரசின் தாவரவியலாராக விளங்கியவர். 1819இல் சென்னையிலேயே இறந்தார். 1851இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் பித்ரிப் பொருள்கள் வைக்கப்பட்டு ஐரோப்பியரின் பாராட்டைப் பெற்றன. அதே நூற்றாண்டின் இறுதியில் ஹூக்கா மறையத் தொடங்கியது; சுருட்டும் சிகரெட்டும் அந்த இடத்தைப் பிடித்தன. தொழில் நலிந்தது. நிஜாம் அரசு தந்த ஊக்கத்தால் பிழைத்தது. பூச்சாடி, சாம்பற்கிண்ணம், சட்டைப் பொத்தான் என்று பொருள்கள் மாறின. கை மாறவில்லை.

அஷ்தூரின் சுவரில் கஸ்வீனீ கையெழுத்திட்டார் என்று சொன்னேன். வாயிற்கல்லில் ஷீராஸி பெயர் எழுதினார். காஷானின் குயவர் எழுதினர். மோஸுலில் வெள்ளி பதித்தோர் 'அல்-மவ்ஸிலீ' என்று பொறித்துக்கொண்டனர். பித்ரிக் கலைஞரோ தம் பெயரைப் பெரும்பாலும் பொறிக்கவில்லை. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளின் மிகச் சிறந்த ஹூக்காக் குடங்கள் எல்லாம் பெயரற்றவர் செய்தவை. எழுதத் தெரியாதவர் என்று சிலர் கூறுவர். அழகிய நஸ்தலீக்கு எழுத்துகளை உளியால் வெட்டி வெள்ளியை நிரப்பத் தெரிந்த கைக்குத் தன் பெயரை வெட்டுவது கடினமன்று. அவர்களுக்கு அது வழக்கமில்லை, கேட்பாரும் இல்லை. நம் வரலாற்றாசிரியரும் காவானின் 3000 நூல்களை எண்ணினர்; ஒரு பட்டறையையும் எண்ணவில்லை. அந்நூல்களோ சிதறிப் போயின. ஏட்டில் எழுதாமல் தந்தை மகனுக்குக் காட்டிக்கொடுத்த பாடம் இன்றும் நடக்கிறது. மதரஸாவில் ஓதி, மதரஸாவிலேயே ஓதிக்கொடுத்து வாழ்நாளைக் கழித்தவன் நான். இதனை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை.

பெயர் இப்போது வெளியே வரத் தொடங்கியுள்ளது. 2006இல் பித்ரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிற ஊரில் செய்ததைப் பீதரின் பெயரால் விற்பது அதனால் சட்டப்படி குற்றமாயிற்று. 2023இல் பீதர்க் கலைஞர் ஷா ரஷீது அஹ்மது காதிரி அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆனால் விருது ஒருவருக்கு, பட்டறை பலருக்கு. வெள்ளி விலை ஏற ஏறக் கம்பி மெல்லியதாகிறது, கோடு குறைகிறது. முன்பணம் கொடுத்து வெள்ளி வாங்க இயலாதவர் வணிகரிடம் கூலிக்கு வேலை செய்கிறார். ஒரு பூச்சாடியில் பல நாள் குனிந்திருப்பவரின் மகன், அதே நாள்களில் வேறு வேலையில் கிடைக்கும் ஊதியத்தைக் கணக்கிடுகிறான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. கடையில் நாம் அப்பொருளை எடுத்துப் பார்த்து, விலையைக் கேட்டு, திரும்ப வைத்துவிட்டு நடக்கும்போது அவன் அங்கேதான் நிற்கிறான்.

நல்ல மண்ணைத் தேர்வது இன்றும் நாவினால்தான். கோட்டையிலிருந்து எடுத்து வந்த மண்ணில் ஒரு சிட்டிகையை முதிய கலைஞர் நாவில் இட்டுப் பார்ப்பார். அந்தச் சுவை இன்னது என்று எந்நூலிலும் எழுதி வைக்கவில்லை. அவர் சுவைத்தபின் அதே மண்ணில் ஒரு சிட்டிகையை அருகிலிருக்கும் இளைஞனின் உள்ளங்கையில் வைப்பார்.